நிழலில் காய்ந்த அருகம்புல்

கலைமணி கட்டிய புல்லுக்கட்டு ஒன்று திரும்பி வந்தது அதுதான் முதல் தடவை. காட்டுமன்னார்கோயிலைச் சுற்றி மாடு வைத்திருப்பவர்களுக்கு இருபத்தாறு வருடமாகப் புல் அறுத்துப் போடுகிறவள் அவள். கட்டின் நடுவில் கோரையைத் திணித்துக் கனம் காட்டுகிறவர்கள் உண்டு. தண்ணீர் தெளித்து எடை ஏற்றுகிறவர்களும் உண்டு. கலைமணியின் கட்டில் மேலே இருப்பதுதான் உள்ளேயும் இருக்கும் என்பது ஊருக்குத் தெரியும். அதனால் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

திருப்பி அனுப்பியது மாட்டுக்காரர் இல்லை. சிதம்பரத்தில் எட்டு கினிப் பன்றிகள் வளர்க்கும் ஃபஹீமா என்ற பெண். கட்டைக் கொண்டுவந்து வாசலில் வைத்தவன் கலைமணியின் கொழுந்தன் எழிலன்.

எழிலன் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வண்ணமீன், கிளி, நாய்த் தீனி விற்கிற கடை வைத்திருக்கிறான். இரண்டு வருடமாக அதில் கினிப் பன்றியும் உண்டு. அவை நாள் முழுக்கக் காய்ந்த புல்லைக் கொறித்துக்கொண்டே இருக்க வேண்டிய பிராணிகள். கொறிக்காவிட்டால் பல் வளர்ந்து வாயை அடைக்கும், வயிறு நின்றுபோகும். அதற்கென்று அமெரிக்காவிலிருந்து பிளாஸ்டிக் பையில் அடைத்த புல் வரும். மாசி மாதம் அந்தச் சரக்கு வராமல் போனது. வாங்குகிறவர்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடி வைக்கோலைக் கொண்டுவந்து போட்டார்கள். ஃபஹீமா அதைக் கேள்விப்பட்டதும், கடலூரிலும் சிதம்பரத்திலும் புதுச்சேரியிலும் கினிப் பன்றி வளர்க்கும் அறுபது வீட்டுக்காரர்கள் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். நெல்லுக்குப் போன சத்து போக மிச்சம் நிற்கிற தாள்தான் வைக்கோல், அதில் ஒன்றும் இல்லை, அதன் முனை கண்ணைக் குத்தும் என்று எழுதினாள். அவள் எதை வாங்குகிறாளோ அதைத்தான் குழு முழுவதும் வாங்கும். அப்போதுதான் எழிலனுக்கு அண்ணியின் ஞாபகம் வந்தது.

புல்லைக் காயவைப்பது என்பதே கலைமணிக்குச் சிரிப்பாக இருந்தது. வீராணம் ஏரிப் பக்கத்தில் பன்னிரண்டு மாதமும் பச்சைப்புல் கிடைக்கும்போது எவனாவது அதைக் காயப்போடுவானா? ஆனாலும் கேட்டது கொழுந்தன். நெல்லைக் காயவைக்கிற மாதிரியே தார்ச்சாலையில் பரப்பி, ஒரு நாள் வெயிலில் போட்டு, சாயங்காலம் சூடு ஆறுவதற்குள் அள்ளிக் கட்டிவிட்டாள். தோளில் போட்டால் சரசரவென்று சத்தம் கேட்டது. நன்றாகத்தான் காய்ந்துவிட்டது என்று நினைத்தாள்.

எழிலன் தனக்கு வந்த குரல்பதிவைப் போட்டு, செல்போனை அவள் காதருகே வைத்தான். ஃபஹீமாவின் குரல் மரியாதையாக இருந்தது. அதுதான் கலைமணிக்குப் பொறுக்கவில்லை.

“அண்ணே, அக்கா கோச்சுக்க வேணாம்னு சொல்லுங்க. மேல பாத்தா நல்லாதான் இருக்கு. உள்ள மக்கல் வாட வருது. ரோட்டு மண்ணும் ஜாஸ்தி. இத தின்னா இதுங்களுக்கு நெஞ்சு கட்டிக்கும்.”

கலைமணி கட்டை அறுத்து நடுவில் மூக்கை வைத்தாள். அந்தப் பெண் சொன்னது நிஜம். இலை காய்ந்திருந்தது, கணுவில் ஈரம் நின்றிருந்தது. அந்த ஈரம் நாலு நாளில் உள்ளுக்குள் புழுங்கி வெள்ளைப் பூசணம் கட்டியிருந்தது. மேலே ஒன்றும் உள்ளே ஒன்றுமாக ஒரு கட்டு, அதுவும் அவள் கையால். மாட்டுக்குக்கூடப் போடாமல் நேராக எருக்குழியில் கொண்டுபோய்க் கொட்டினாள்.

எழிலன் சமாதானம் சொன்னான். “உடுங்க அண்ணி. அடுத்த மாசம் அமெரிக்கா மூட்ட வந்துடும். இது நமக்கு ஆவுற வேல இல்ல.”

“ஏன், அமெரிக்காக்காரன் அறுத்தாதான் புல்லா? நான் அறுத்தா கோரையா?” என்றாள் கலைமணி. “பதினஞ்சு நாள் கழிச்சி அந்தப் பொண்ணு வூட்டுக்கு நானே எடுத்தாறேன். நீயும் உன் மூட்டைய எடுத்துக்கிட்டு வா.”

அதற்குப் பிறகு அவள் செய்த வேலையை அக்கம்பக்கத்தில் வேடிக்கை பார்த்தார்கள். வடவாற்றுக் கரையில் ஆள் நடமாட்டமில்லாத சரிவில் அருகம்புல் முழங்கால் உயரத்துக்குச் சரிந்து கிடக்கும். பூ எடுப்பதற்கு முன், காலையில் பனி உலர்ந்த பிறகு அறுத்தாள். சாலைப் பக்கமே போகவில்லை. முருங்கைக்கீரையையும் மருதாணியையும் நிழலில் உலர்த்தினால்தானே பச்சை மாறாமல் இருக்கிறது என்று யோசித்தாள். கடலூர் முதுநகரிலிருந்து எழிலனை ஒரு பழைய மீன்வலை வாங்கிவரச் சொல்லி, மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்துச் சாய்ப்பில் இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டினாள். அதன் மேல் புல்லை விரல்கடை கனத்துக்குப் பரப்பினாள். மேலேயும் கீழேயும் காற்று போனது. ஒரு நாளைக்கு மூன்று தடவை புரட்டினாள். ஐந்தாம் நாள் ஒரு தண்டை எடுத்துக் கணுவில் வளைத்தாள். பட்டென்று ஒடிந்தது. நிறம் கொஞ்சம் மங்கியிருந்ததே தவிரப் பச்சை அப்படியே இருந்தது. சாய்ப்பு முழுவதும் புதிதாக உடைத்த தேயிலைப் பொட்டலம் மாதிரி வாசனை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு தடவை குறைச்சொல் கேட்டுவிட்டவளுக்கு அது போதவில்லை. கன்று போட்ட மாட்டுக்குத் தருகிற குதிரைமசால் தழையை ஒரு பால்பண்ணையில் கேட்டு வாங்கி வந்து, அதையும் உலர்த்தி, பாதிப் புல்லோடு கலந்தாள். தீனி எடுக்காத மாட்டுக்குச் செய்கிற மாதிரி வெல்லமும் உப்பும் கரைத்த தண்ணீரை லேசாகத் தெளித்து மறுபடி காயவைத்தாள். அதுதான் விசேஷக் கட்டு. அது நசுங்காமல் இருக்க வெறும் அருகம்புல்லை மேலே கனமாகச் சுற்றிக் கட்டினாள்.

பங்குனி இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை டவுன் பஸ்ஸில் சிதம்பரம் போய் இறங்கினாள். எழிலன் கடலூரிலிருந்து பைக்கில் வந்து நின்றிருந்தான். அமெரிக்கா மூட்டை வந்துவிட்டது. அதில் ஒரு பையைக் கையோடு வைத்திருந்தான்.

ஃபஹீமாவுக்கு முப்பது வயது இருக்கும். ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை. தலையில் முக்காடு, கையில் ஒரு சின்ன நோட்டு. பின்கட்டு அறை முழுக்கத் துணி விரித்து எட்டு பிராணிகளையும் விட்டிருந்தாள். வால் இல்லாத பெருச்சாளியை முயல் தத்தெடுத்த மாதிரி இருக்கிறதே என்று கலைமணி நினைத்தாள், சொல்லவில்லை. அவற்றில் வெள்ளையும் கறுப்புமாக இருந்த வயதான ஆணின் பெயர் நவாப்.

ஃபஹீமா முதலில் பிராணிகளிடம் புல்லைக் காட்டவில்லை. கறுப்புத் துணி ஒன்றை விரித்து, அமெரிக்கப் புல்லில் ஒரு கைப்பிடி எடுத்து உதறினாள். சாம்பல் நிறத்தில் தூள் விழுந்தது. கலைமணியின் கட்டில் மேலே சுற்றியிருந்த அருகம்புல்லை உருவி உதறினாள். நாலைந்து இலைத் துணுக்கு மட்டும் விழுந்தது. அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு, அறுத்த இடத்தில் மருந்து அடித்திருக்கிறார்களா என்று கேட்டாள்.

இந்தக் கேள்விக்காகத்தான் வந்தவள் மாதிரி கலைமணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். வடவாற்றுக் கரையில் எந்த வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் யாருடைய நிலம், அவர் எந்தத் தேதியில் களைக்கொல்லி அடித்தார், அன்று காற்று எந்தப் பக்கம் வீசியது, எந்த வரப்பில் ஒரு மாதத்துக்குக் கத்தி வைக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். தான் அறுத்த சரிவுக்கு மேலேயும் கீழேயும் வயலே இல்லை என்றாள். ஃபஹீமா எழுதுவதை நிறுத்திவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டாள். எழிலன் அண்ணியைப் புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

அடுத்து மூன்று குவியல் வைத்தாள் ஃபஹீமா. ஒன்று அமெரிக்கா, ஒன்று வெறும் அருகம்புல், ஒன்று நடுவில் இருந்த விசேஷம். எட்டும் ஒரு கணம் மூக்கை உயர்த்தின. பிறகு மற்ற இரண்டையும் மிதித்துக்கொண்டு விசேஷக் குவியலில் போய் விழுந்தன. தலையே வெளியே தெரியவில்லை. கறக் கறக் என்ற சத்தம் மட்டும் கேட்டது.

“அண்ணி, அமெரிக்காவ கவுத்துட்டீங்க,” என்றான் எழிலன்.

கலைமணிக்கு மனம் நிறைந்துவிட்டது. பதினைந்து நாள் தூக்கத்தில்கூடக் கேட்ட குரலுக்கு எட்டு வாய்கள் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. ஆனால் ஃபஹீமாவின் முகத்தில் சிரிப்பு இல்லை. குனிந்து குவியலிலிருந்து ஒரு தழையை எடுத்து முகர்ந்தாள். இது என்ன என்று கேட்டாள். கலைமணி மறைக்கவில்லை. குதிரைமசால் சேர்த்ததையும் வெல்ல உப்புத் தண்ணீர் தெளித்ததையும் பெருமையாகவே சொன்னாள்.

ஃபஹீமா நவாப்பைத் தூக்கி மல்லாத்திக் காட்டினாள். அடிவயிற்றில் முடி முளைக்காத ஒரு கோடு. போன வருடம் சிறுநீர்ப் பையில் கல் கட்டி, புதுச்சேரியில் கீறி எடுத்த தழும்பு. குதிரைமசாலில் சுண்ணாம்புச் சத்து அதிகம், வளர்கிற குட்டிக்கும் சினையாக இருக்கிறதுக்கும் பரவாயில்லை, வளர்ந்ததுக்கு அது கல்லாகச் சேரும், துணியில் நீர் காய்ந்தால் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளைப் படியும் என்றாள். இது யார் தப்பும் இல்லை, பெரிய பெரிய கடைக்காரர்களே இதைத்தான் ஒசத்தி என்று விற்கிறார்கள் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

கலைமணி நவாப்பின் தழும்பையே பார்த்தாள். “கெடா ஆட்டுக்கு நீரடைப்பு வருமே, அந்த மாதிரியா?”

“அதேதான் அக்கா.”

கொழுக்கட்டும் என்று தானியமாகப் போட்டு வளர்த்த கிடா ஒன்று முதுகை வளைத்து வளைத்து முக்கி, மூன்றாம் நாள் சரிந்ததை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். வேறு யாரும் அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. துணியின் மேல் மண்டியிட்டு, தின்றுகொண்டிருந்த வாய்களுக்கு அடியிலிருந்து விசேஷக் குவியலை இரண்டு கையாலும் வாரி எடுத்தாள். பழுப்பு நிறக் குட்டி ஒன்று ஒரு தழையைக் கவ்விக்கொண்டு விடவில்லை. அதன் வாயிலிருந்தும் மெதுவாக உருவினாள்.

எழிலன் பதறினான். “அண்ணி, என்ன பண்றீங்க? அதுங்களே புடிச்சி தின்னுதுங்களே.”

“மாட்டுக்கு முன்னால பருத்திக்கொட்டைய மூட்டையா வச்சாலுந்தான் சாக்கோட திங்கும். அது கேக்குதுன்னு எவளாச்சும் வைப்பாளா?”

எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் அடைத்துக் கதவுக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அறையில் இப்போது இரண்டு குவியல்தான். எட்டும் அவளைப் பார்த்து வீக் வீக் என்று கத்தின. எதையும் தொடவில்லை. இனிப்பு கண்ட வாய் அது. ஃபஹீமா தேநீர் போட்டுக் கொடுத்தாள். எழிலன் கடிகாரத்தைப் பார்த்தான். பசி எடுத்தால் பழகிய தீனிக்குத்தான் போகும், அமெரிக்கப் பையில்தான் வாய் வைக்கும் என்பது அவன் கணக்கு. கலைமணிக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம் இருந்தது. ஜெயித்த குவியலைத் தானே எடுத்து வெளியே வைத்தாகிவிட்டது. மிச்சம் இருப்பது, மேலே சுற்றிக் கட்டின வெறும் புல்.

முக்கால் மணி நேரம் ஆனது. முதலில் இரண்டு அமெரிக்கக் குவியலுக்குப் போயின. எழிலன் நிம்மதியாகக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டான். அப்புறம் அந்தப் பழுப்புக் குட்டி அருகம்புல்லில் ஒரு தண்டை நடுவில் கடித்து, இரண்டு பக்கமும் மீசை மாதிரி தொங்க, நுனிவரை உள்ளே இழுத்தது. உடனே அடுத்ததை எடுத்தது. சத்தத்தைக் கேட்டு நவாப் நகர்ந்து வந்தான். அவனுக்குப் பின்னால் இன்னும் மூன்று. அமெரிக்காவிடம் போன இரண்டில் ஒன்றும் கொஞ்ச நேரத்தில் இந்தப் பக்கம் வந்தது. தண்டு, இலை, கணு என்று எதையும் ஒதுக்காமல் தின்றன.

“மாஷா அல்லாஹ்,” என்றாள் ஃபஹீமா. அப்போதுதான் அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். “இதுதான் அக்கா வேணும். இதுல ஒண்ணும் சேக்காதீங்க. வாரத்துக்கு பன்னெண்டு கட்டு குடுப்பீங்களா?”

எழிலன் சரி என்று சொல்ல வாயெடுத்தான். கலைமணி கையைக் காட்டி நிறுத்தினாள். தான் ஒருத்தியாகப் புரட்டுகிற புல்லில் ஏழு கட்டுதான் வரும், அதற்கு மேல் என்றால் வேறு யாரோ சாலையில் காயவைத்ததாக இருக்கும் என்றாள். அதோடு ஐப்பசியும் கார்த்திகையும் ஒரு கட்டும் தர முடியாது என்றாள்.

“அண்ணி, ஏவாரத்தக் கெடுக்காதீங்க,” என்றான் எழிலன் மெல்லிய குரலில்.

“மழ மாசத்துல காத்துலயே ஈரம் நிக்கும். நெழல்ல காயாது. அந்த ரெண்டு மாசம் தம்பிகிட்ட அமெரிக்கா மூட்ட வாங்கிக்கம்மா. அதுவும் நல்ல புல்லுதான். கொஞ்சம் பழசு.”

ஃபஹீமா குழுவுக்கு எழுதத் தொடங்கினாள். ஆங்கிலத்தில் ஏதோ தட்டிவிட்டு வாசித்துக் காட்டினாள். கலைமணி அதை அழிக்கச் சொன்னாள். வடவாற்றுக் கரை அருகம்புல், மருந்து அடிக்காத இடம், நிழலில் ஐந்து நாள் காய்ந்தது, வேறெதுவும் சேர்க்கவில்லை, ஐப்பசி கார்த்திகையில் கிடைக்காது. அப்படியே எழுதினால் போதும் என்றாள். கடைசியில் ‘காட்டுமன்னார்கோயில் கலைமணி’ என்று போட்டபோது மறுபடியும் தடுத்தாள்.

“த.கலைமணின்னு போடும்மா. வெறும் கலைமணின்னா எங்க ஊருல நாலு பேரு இருக்காங்க. நாளைக்கு எவளாச்சும் கோரைய கட்டி எடுத்தாந்து நான்தான்னு சொல்லிடப் போறா.”

ஃபஹீமா முன்னெழுத்தைச் சேர்த்து அனுப்பினாள். செருப்பைத் தேடி மாட்டுவதற்குள் பதில்கள் வந்து விழும் சத்தம் கேட்டது. புதுச்சேரியிலிருந்து ஒருவர் நாளைக்கே வேண்டும் என்கிறாராம். எழிலன் ஆவலோடு அண்ணியின் முகத்தைப் பார்த்தான்.

“நாளைக்கு அறுத்தாலும் அஞ்சு நாள் ஆவும்,” என்றாள் கலைமணி. “சனிக்கெழம வரச் சொல்லு.”