பூட்டு தொங்கும்வரை

பட்டப்பகல். வெயில் தகரத்தைத் தின்றுகொண்டிருந்தது. பணிமனையை ஒட்டிய நிலையத்தில் நின்ற ரயிலின் தலைமாட்டில், பவர் காருக்குள் ஜெனரேட்டர்கள் இரண்டும் வாயடைத்துக் கிடந்தன. அவை உறுமினால்தான் பின்னால் கோத்திருக்கும் பெட்டிகளுக்கு விளக்கு எரியும், குளிர்காற்று வரும். திறக்க முடியாத கண்ணாடிச் சன்னல்களுக்குப் பின்னே பயணிகள் வெந்துகொண்டிருந்தார்கள்.

தடுத்து நின்றது ஒரு பூட்டு.

பெட்டிகளுக்கு மின்சாரம் அனுப்பும் பிரேக்கரின் கைப்பிடியில் அது தொங்கியது. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே கேபிள் பிளக்கைக் கழற்றப் போகிறவன் தன் பூட்டை அங்கே மாட்டி, சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்குவான். திரும்பி வந்து அவனேதான் திறப்பான். ஆண்டவனே வந்தாலும் வேறு கை தொடக் கூடாது. பூட்டு தொங்கும்வரை ஓர் உயிர் கம்பியின்மேல் இருக்கிறது! அந்தப் பணிமனைக்கு இதைவிடப் பெரிய சட்டம் கிடையாது. செத்தவர்களைத் தூக்கிய கைகள் வகுத்த சட்டம் அது.

பூட்டு அக்காவின் தம்பியுடையது. அவள் ஜெனரேட்டர் ஃபிட்டர்; பணிமனைக்கே அக்கா. பொறுப்பாளரோ அவளுடைய கணவன். எதிலும் அவசரப்படுவதால் 'மின்னல்' என்று அவனுக்குப் பட்டப்பெயர். வேலையிடத்தில் அவள் அவனை 'சார்' என்றுதான் அழைப்பாள்.

காலையில்தான் மின்னலுக்கும் மைத்துனனுக்கும் வாய்ச்சண்டை. "ஒத்த ஆளா எல்லாப் பிளக்கையும் பாக்க முடியாது மாமா. இந்த வேலையே வேணாம், நான் போறேன்!" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினான் தம்பி. அதன்பின் அவனை யாரும் பார்க்கவில்லை. கைப்பேசி அடித்தது, எடுப்பாரில்லை.

"ஓடிட்டான். போறவன் பூட்டையாவது எடுத்துட்டுப் போனானா? வெல்டர், கட்டரக் கொண்டா," என்றான் மின்னல்.

வெல்டர் பின்னந்தலையைச் சொறிந்தார். "பூட்ட அறுத்துடலாம் சார். உங்க மச்சான் அறுந்தா ஒட்ட வைக்க என்கிட்ட ராடு இல்லையே."

"வாய மூடிட்டு வேலையப் பாருய்யா!"

அக்காவின் நெஞ்சு இரண்டுபட்டது. கோபம் வந்தால் சொல்லாமல் கிளம்பிவிடுகிறவன்தான் தம்பி. போயிருக்கலாம். போகாமலும் இருக்கலாமே! அந்த 'லாம்'களுக்கு நடுவே ஓர் உடம்பு கிடந்தால்?

"சார், கடைசிப் பெட்டி வரைக்கும் ஒரு நட பாத்துட்டு வந்துடறேன்."

"கூப்பிட்டுப் பாத்தாச்சு. சத்தமே இல்ல. மேலிடத்துலேர்ந்து போன் மேல போன்."

"சத்தம் இல்லாததுதான் பயமா இருக்கு."

"பொறந்த வீட்டுப் பாசம் பொங்குதாக்கும்?"

"என்னங்க..." வாய் தவறிவிட்டது. வெல்டர் கூடத் தரையைப் பார்த்தார். "பூட்டுக்குப் பொறந்த வீடு, புகுந்த வீடு எல்லாம் தெரியாதுங்க. எவன் மாட்டியிருந்தாலும் இதையேதான் சொல்லுவேன்."

இடுப்புப் பையிலிருந்து தன் பூட்டை எடுத்தாள். தம்பியின் பூட்டுக்குப் பக்கத்தில் மாட்டி, சாவியை உருவினாள்.

"இப்ப நானும் கம்பி மேலதான் போறேன். அறுக்கறதுன்னா ரெண்டையும் அறுங்க."

மின்னலின் கையில் போன் மறுபடி அடித்தது.

அவள் இறங்கி நடந்தாள். சரளைக்கல் செருப்பைத் தாண்டிச் சுட்டது. ஒவ்வோர் இடைவெளியிலும் குனிந்தாள். முதல் இடுக்கில் கரிய கேபிள்கள் மாட்டியபடியே தொங்கின. அடுத்ததிலும் அப்படியே. அவசரம் என்ற ஒரு சொல் எத்தனை வீட்டு அடுப்பை அணைத்திருக்கிறது! அதைச் சொன்ன வாய் எதுவும் வெந்ததில்லை. கேட்ட உடம்புகள்தாம் கருகின.

ஏழாம் பெட்டிக்கும் எட்டாம் பெட்டிக்கும் நடுவே இரண்டு பூட்ஸ் கால்கள் தெரிந்தன.

வெயில் அவனை அடித்துப் போட்டிருந்தது. பெட்டிகளைக் கோக்கும் கொக்கியின்மேல் குப்புறச் சாய்ந்து கிடந்தான். வலது கை, கழற்றிய பிளக்கின் திறந்த வாய்க்குள் கிடந்தது.

"டேய்... தம்பி!"

அசைவில்லை. அப்போது ரயிலின் தலைமாட்டில் ஓர் இருமல் எழுந்தது. இருமல் உறுமலாயிற்று.

ஒரு கணம் அவள் நம்பவில்லை. அடுத்த கணம் கை, கால், நகம் எல்லாம் நம்பின. முதலில் எஞ்சின் ஓடும், வேகம் நிலைக்கும், பிறகு ஒரு கை அந்தக் கைப்பிடியைத் தள்ளும். யார் கை என்பதும் அவளுக்குத் தெரியும். தம்பியின் இரு கால்களையும் பற்றி இழுத்தாள். சட்டை கொக்கியில் மாட்டியது. இழுத்தாள். துணி கிழிந்தது. உறுமல் ஒரே சீராகியது. பல்லைக் கடித்து இன்னொரு முறை இழுத்தாள். இருவரும் சரளையில் உருண்டார்கள்.

பிளக்கின் வாயில் எதுவும் தெரியவில்லை. மின்சாரத்துக்கு முகமா உண்டு? ஏழாம் பெட்டியின் அடிவயிற்றில் குளிரூட்டி மட்டும் பெருமூச்சுவிட்டு ஓடத் தொடங்கியது.

"அக்கா... தண்ணி..." என்றான் தம்பி, கண் திறக்காமலே.

முன் ஏழு பெட்டிகளிலும் ஆரவாரம் கிளம்பியது. கண்ணாடிக்குப் பின்னே கைதட்டினார்கள். சன்னலோரம் இருந்த ஒருவர், கல்லின்மேல் கிடந்த இருவரையும் குனிந்து பார்த்து, வாய்நிறையச் சிரித்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

அக்கா தம்பியின் தலையை மடியில் ஏந்திக்கொண்டு பவர் கார் இருந்த திசையைப் பார்த்தாள். அங்கிருந்து யாரும் ஓடி வரவில்லை.