மூன்றாவது வரிசை அழுகை

அந்த நாடகக் கொட்டகையில் அவளுக்குப் பெயரே மூணாவது வரிசை. கடைசிக் காட்சியில் கிழவர் செத்து விழும்போது, ஜனங்களோடு ஜனமாக உட்கார்ந்து முதலில் அழுவது அவள் வேலை. மேடையில் சாகிற கிழவர் அவள் கணவர். ஒருத்தர் செத்து, ஒருத்தி அழுது, இரண்டு பேருமாகக் குடித்தனத்தை ஓட்டினார்கள்.

இதற்கெல்லாம் ஒரு ஆளா என்று சிரிக்காதீர்கள். ஒரு காலத்தில் தேவைப்படவில்லைதான். மரப் பெஞ்சு இருந்தவரை ஜனங்கள் வாய்விட்டு அழுதார்கள், மூக்கைச் சிந்திப் பெஞ்சுக்கு அடியில் துடைத்தார்கள், வில்லனை எழுந்து நின்று ஏசினார்கள். மெத்தை நாற்காலி வந்ததும் கௌரவமும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. தொண்டை அடைத்தாலும், பக்கத்து ஆள் அழுகிறானா என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத்தான் இப்போது அழுவார்கள். யாராவது வெட்கத்தை விட்டுத் தொடங்கிவைக்க வேண்டும். அவள் தொடங்கிவைத்தாள்.

கொட்டகையில் இன்னொரு சட்டமும் இருந்தது. அழுகை அடங்கும்வரை திரை விழாது, யாரும் மேடைக்குப் போகக் கூடாது. கிழவரே போட்ட சட்டம். தன் சாவில் ஒரு துளியைக்கூட அவர் யாருக்கும் விட்டுத்தர மாட்டார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, பகல் காட்சி. காலையிலேயே வீட்டில் வாய்த்தகராறு.

"நேத்து நீ அழுதது ஒரு அழுகையா? தண்ணி ஊத்தின பால் மாதிரி இருந்துச்சு," என்றார், முகம் மழித்துக்கொண்டே. "மூக்கு அரிக்குதேன்னு நான் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடக்கேன். நீ பாட்டுக்கு ரெண்டு விசும்பலோட கடையைக் கட்டிட்ட."

"தொண்டை கட்டியிருக்குங்க. தினமும் அழுதா என்ன ஆகும்?"

"நான் தினமும் சாகலையா?"

அவள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. கத்தியைக் கழுவி வைத்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "மேனேஜர் வேற ஆள் பார்க்குறாராம். என் சாவு இப்பல்லாம் எடுபடலையாம். இன்னிக்கு அவரும் வந்து உக்காரப்போறார். நீதான் என்னைக் காப்பாத்தணும்."

மேடை போனால் இந்த மனுஷன் நிஜமாகவே போய்விடுவார் என்று அவள் பயந்தாள்.

கடைசிக் காட்சியில், பெற்ற மகளின் வீட்டுக் கதவை அவர் மூன்று முறை தட்ட வேண்டும். கதவு திறக்காது. வாசற்படியிலேயே சரிந்து சாக வேண்டும். அன்று ஒரு முறைதான் தட்டினார். அடுத்த தட்டுக்குத் தூக்கிய கை பாதியில் நின்றது. படியில் சரிந்து, சபைப் பக்கம் புரண்டு, வலது கையை நீட்டினார். மூன்றாவது வரிசையைப் பார்த்து விரல்களை மடக்கி மடக்கி விரித்தார்.

கில்லாடி மனுஷன், மேனேஜருக்காகப் புதுசாக ஒன்று செய்கிறார் என்று நினைத்தாள். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. கட்டிய தொண்டையைப் பொருட்படுத்தாமல் அடிவயிற்றிலிருந்து அழுகையை எடுத்தாள். பக்கத்து நாற்காலிக்காரர் கைக்குட்டையை முகத்தில் பொத்திக்கொண்டு குலுங்கினார். முன்வரிசை, பின்வரிசை, மாடி என்று கொட்டகையே அழுதது. தணியும்போதெல்லாம் அவள் மறுபடியும் குரலைத் தூக்கிக் கொடுத்தாள். கயிற்றைப் பிடித்தபடி திரைக்காரர் சட்டப்படி காத்திருந்தார். மேடையில் விரல்கள் அசைவது நின்றது. அதையும் அவள் மனதுக்குள் மெச்சினாள்.

திரை விழுந்து மறுபடி ஏறியது. எழுந்து வணங்க வேண்டியவர் எழவில்லை.

"சபையில டாக்டர் யாராவது இருக்கீங்களா?" என்று திரைக்காரர் கத்தியபோது எழுந்து ஓடியவர் பக்கத்து நாற்காலிக்காரர்தான். ஈரக் கைக்குட்டை இன்னும் அவர் கையில் இருந்தது. திரும்பி வந்தவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"விழுந்தவுடனே பார்த்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம்மா. நான் இங்க உக்காந்து அழுதுக்கிட்டிருந்தேன்."

மறுநாள் உடலை அதே மேடையில் கிடத்தினார்கள். கொட்டகை நிறைந்துவிட்டது. அவள் கால்கள் பழக்கதோஷத்தில் மூன்றாவது வரிசைக்கே போயின. யாரும் அழவில்லை. எல்லாரும் ஓரக்கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேனேஜர் வந்து குனிந்தார். "நீங்க ஆரம்பிச்சாத்தாம்மா அவங்களுக்கும் அழுகை வரும். பாவம், அவருக்கு ஒரு நல்ல அழுகை வேண்டாமா?"

நேற்று அழுதது போதாதா என்று கத்த வேண்டும் போலிருந்தது. தன் தொண்டையைத் தானே நெரித்துக்கொள்ளலாம் என்று ஆத்திரம் வந்தது. எழுந்தாள். நேற்றே நடந்திருக்க வேண்டிய தூரத்தை இன்று நடந்தாள். மேடையேறி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"கூப்பிட்டீங்களே," என்றாள். "வந்துட்டேன்."

யாரும் தொடங்கிவைக்காமலே கீழே ஒரு பெண் உடைந்து அழுதாள். பிறகு கொட்டகை முழுக்க அழுதது. அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தரையில் கையூன்றிப் பார்த்தாள், எழ முடியவில்லை. ஓரத்தில் கயிற்றருகே நின்ற திரைக்காரரைப் பார்த்துக் கையை நீட்டி, வாங்க என்று விரல்களை மடக்கினாள்.

அழுகை அடங்கும்வரை யாரும் மேடைக்கு வரவில்லை.