பன்னிரண்டு ஈர முடிச்சுகள்

அந்தக் கோட்டை நகரத்துக்குள் வாளோடு வரலாம். வாளை உருவத்தான் கூடாது. குள்ளர்கள் கோடரியோடு வருவார்கள், மந்திரவாதிகள் கோலோடு வருவார்கள், பூதங்கள் பாதி மரத்தையே பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு வரும். யாராக இருந்தாலும் கிழக்கு வாசலில் ஆயுதத்தை நீட்டியாக வேண்டும். சிவப்புக் கயிற்றால் கட்டி, முடிச்சின் மேல் அரக்கு ஊற்றி முத்திரை குத்தி உள்ளே விடுவார்கள். திரும்பிப் போகும்போது முத்திரை அப்படியே இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆயுதம் பறிமுதல். ஆள் ஒரு வருஷம் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது.

முத்திரைக்காரி வேலைக்குச் சேர்ந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. வேலை வாங்கிக் கொடுத்தவள் அவளுடைய நாத்தனார். அந்த வாசலுக்கே தலைவி. "தம்பி பொண்டாட்டின்னு பார்க்க மாட்டேன். உன்னால ஒரு முத்திரை கெட்டாலும் பட்டறைக்கே அனுப்பிடுவேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். பட்டறை என்றால் மாமனாரின் சாயப் பட்டறை. பதினோரு வருஷம் தொட்டியில் கைவிட்டு நூல் கலக்கியதில் அவளுக்கு முழங்கைவரை நீலம் ஏறிப்போயிருந்தது. மறுபடியும் அந்தத் தொட்டியில் கைவிட அவளுக்கு மனமில்லை.

வெயில் ஏறிய நேரம். வெளியே போகிற வரிசையில் ஒரு வாள்காரி வந்து நின்றாள். வியாபாரிகளின் வண்டிகளுக்குக் காவலாகப் போகிறவள். உறையில் கயிறு தளர்ந்து தொங்கியது.

"முத்திரை எங்கே?" என்றாள் தலைவி.

வாள்காரி மடியிலிருந்து அரக்கு வில்லையை எடுத்து மேசையில் வைத்தாள். "தானா விழுந்துடுச்சும்மா."

"எனக்கும் ஒரு தடவை பல்லு தானா விழுந்துச்சு. எதிர்ல ஒருத்தி முஷ்டியை மடக்கிட்டு நின்னா."

"சத்தியமா உருவல. வேணும்னா எடுத்துப் பாருங்க, துரு பிடிச்சிருக்கும்."

"அதை வேற பெருமையா சொல்றியா?"

வாசலுக்கு வெளியே வண்டிகள் பூட்டித் தயாராக நின்றன. "ஏம்மா, வர்றியா, வேற ஆளைப் பார்க்கட்டுமா?" என்று வியாபாரி குரல் கொடுத்தார். வாள்காரியின் முகம் சுண்டிப்போனது. தலைவியின் கை வாளின் மேல் விழுந்தது.

முத்திரைக்காரி வில்லையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். கயிற்றை அறுத்தாலோ இழுத்தாலோ அரக்கின் அடியில் நூல் பிசிறு ஒட்டியிருக்கும். இதன் அடிப்பக்கம் வழித்த தட்டு மாதிரி மழமழவென்று இருந்தது. ஈரக் கயிற்றில் ஊற்றிய அரக்கு பிடிக்காது. கயிறு காய்ந்ததும் முடிச்சும் தளர்ந்துவிடும்.

மூன்று நாள் முன்பு காலையில் மழை. ஜன்னலோரம் இருந்த கயிற்றுக் கட்டு நனைந்திருக்கிறது. வேறு யார் தொட்டிருந்தாலும் சட்டென்று கீழே வைத்திருப்பார்கள். பதினோரு வருஷம் ஈர நூலையே முடிந்த கைக்கு அது உறைக்கவேயில்லை.

வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

"அண்ணி, ஒரு நிமிஷம்."

"வேலை நேரத்துல அண்ணி கிடையாது."

"சரி, தலைவி. தப்பு இவங்க மேல இல்ல. நான் ஈரக் கயித்துல கட்டிட்டேன்." வில்லையின் அடிப்பக்கத்தைக் காட்டினாள்.

தலைவி நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பிறகு வாளை எடுத்து வாள்காரியிடம் நீட்டினாள். "நீ கிளம்பு."

வாள்காரி வாங்கிக்கொண்டு முத்திரைக்காரியின் காதருகே குனிந்தாள். "வேலை போச்சுன்னா என்கூட வந்துடு."

"எனக்கு வாள் வீசத் தெரியாதே."

"எனக்கு மட்டும் தெரியுமா? முறைச்சுக்கிட்டு நிக்கத் தெரிஞ்சாப் போதும்." சிரித்தபடி வண்டியை நோக்கி ஓடினாள்.

"அந்தக் கட்டுல எத்தனை கட்டினே?" என்றாள் தலைவி.

"பன்னிரண்டு. மத்த பதினொண்ணும் இன்னும் வெளியே போகல."

"பதினோரு ஆயுதம், கட்டு நிக்காம, ஊருக்குள்ள. நல்லா இருக்கு."

முத்திரைக்காரி இடுப்பில் கட்டியிருந்த முத்திரைக் கட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"இதை ஏன் இங்க வைக்கிறே? உன் முடிச்சு உனக்குத்தானே தெரியும். பொழுது சாயறதுக்குள்ள பதினொண்ணையும் கட்டிட்டு வா. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

காய்ந்த கயிற்றையும் அரக்கையும் அள்ளிக்கொண்டு அவள் சத்திரம் சத்திரமாக ஏறி இறங்கினாள். ஒரு குள்ளர் குளியல் தொட்டியிலிருந்தபடியே கோடரியை நீட்டினார். மந்திரவாதி ஒருவர் தன் கோல் கோபித்துக்கொள்ளும் என்று அரை மணி நேரம் வாதாடினார். பத்து முடிந்தபோது கால் கெஞ்சியது.

பதினோராவது ஒரு பூதம். மதில் நிழலில், கதாயுதத்தை மடியில் கிடத்தி, தளர்ந்த முடிச்சை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தது.

"எப்போலேருந்து இப்படிப் பிடிச்சிருக்கீங்க?"

"முந்தாநாள்லேருந்து. விட்டா விழுந்துடும். விழுந்தா பிடுங்கிப்பாங்க."

"வாசலுக்கு வந்து சொல்லியிருக்கலாமே."

"நான்தான் அவுத்தேன்னு சொல்லிட்டா?"

அவள் பூதத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். புதுக் கயிற்றைக் கட்டி, அரக்கு இறுகும்வரை ஊதினாள். பூதத்தின் விரல்கள் பிரிய மறுத்தன. தன் நீலக் கையால் ஒவ்வொன்றாக நீவிப் பிரித்துவிட்டாள்.

வாசலுக்குத் திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. தலைவி பதினோரு பழைய கயிற்றையும் எண்ணி வாங்கிக்கொண்டாள்.

"மழை நாள்ல இனி நீ முத்திரை போட வேண்டாம். நானே போடறேன்."

"மத்த நாள்ல?"

"மத்த நாள்ல யாரு போடுவா? வரிசை நிக்குது பாரு."

முத்திரைக்காரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் இடத்தில் உட்கார்ந்தாள். முதலில் நின்றவன் ஈட்டியை நீட்டினான்.