பிரிக்கக் கூடாத பொம்மை

என் வேலையே சந்தேகப்படுவதுதான். அதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே போனில் பொருள் வாங்குகிறவர்கள், பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பும் பெட்டிகளெல்லாம் எங்கள் கிடங்குக்கு வரும். அவற்றைப் பிரித்து, பயன்படுத்தினார்களா இல்லையா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கோட்டு சூட்டைக் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போய்விட்டு, அக்குளில் சென்ட் வாசனையோடு திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டு, எடை சரியாக இருக்கட்டும் என்று உள்ளே செங்கல்லை வைத்து அனுப்பிய மகானுபாவரும் உண்டு. பொருள் சுத்தமாக இருந்தால் மறுபடியும் விற்பனைக்குப் போய்விடும். அழுக்கோ கீறலோ இருந்தால் அழியாத மையில் ஒரு பெருக்கல் குறி போடுவேன். குறி விழுந்ததை யாரும் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இந்தக் கதைகளையெல்லாம் வீட்டில் சாப்பிடும்போது அவிழ்த்துவிடுவேன். என் மனைவி பல் டாக்டரிடம் வரவேற்பில் இருக்கிறாள். நாளெல்லாம் பல்வலிக்காரர்களின் புலம்பலைக் கேட்டுவிட்டு வருகிறவளுக்கு என் கதையைக் கேட்கத் தெம்பு இருக்காது. மகள்தான் வாயைப் பிளந்துகொண்டு கேட்பாள். ஏழு வயது. டேப் கிழியாமல் எப்படி எடுப்பார்கள், தலைமுடி உலர்த்தும் மெஷினால் சூடு காட்டினால் பசை எப்படி இளகும், ஒட்டின அடையாளமே தெரியாமல் எப்படித் திரும்ப ஒட்டுவார்கள், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒரு விடுமுறையில் கிடங்குக்கே கூட்டிப்போனேன். நான் கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பதைச் சினிமா பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் என் மச்சினன் அந்தப் பொம்மையைக் கொண்டுவந்தான்.

மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. அவனுக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'ஸ்கீம்'. வண்ண மீன் வளர்த்தால் லட்சாதிபதி என்றான், மீனெல்லாம் மிதந்தது. தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்கிறேன் என்றான், விற்காத மெஷின் இன்னும் எங்கள் பரணில் இருக்கிறது. அப்படிப்பட்டவன் என் மகளின் பிறந்தநாளுக்கு ஒரு பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தால் எனக்கு மூக்கில் வியர்க்குமா, வியர்க்காதா?

பெட்டியின் முன்பக்கம் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். உள்ளே பச்சை வெல்வெட் கவுன் போட்ட ஒரு பொம்மை, பொத்தான் வைத்த குட்டி ஷூவோடு நின்றிருந்தது. அலை அலையாகச் செம்பட்டை முடி. கண்கள் நம்மையே பார்த்தன. மகள் பிளாஸ்டிக்கில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றுவிட்டாள்.

"அத்தான், இது விளையாட்டுச் சாமான் இல்ல. கொஞ்சமாத்தான் செஞ்சிருக்காங்க. பிடரியில நம்பர் இருக்கு, கூடவே சர்டிபிகேட் இருக்கு. பெட்டிய மட்டும் பிரிச்சிடாதீங்க. பிரிச்சா பாதி மதிப்பு போச்சு."

"பொம்மைய வச்சு விளையாடாம வேற என்னடா பண்றது?"

"வச்சிருக்கணும். இவ காலேஜ் போறப்ப வித்தா, பீஸ் கட்டிடலாம்."

விலையைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. அந்தப் பணத்துக்கு நல்ல சைக்கிளாக வாங்கியிருந்தால் குழந்தை தெருவெல்லாம் ஓட்டித் தள்ளியிருப்பாள். ஒரு குழந்தைக்கு முன்னால் பொம்மையைக் காட்டி, தொடாதே, பத்து வருஷம் பார்த்துக்கொண்டே இரு என்று சொல்வதற்குப் பெயர் பரிசா?

அவன் போனதும் சண்டை ஆரம்பித்தது.

"நல்ல பொருளப் பத்திரமா வச்சுக்கக் கத்துக்கட்டுமே" என்றாள் மனைவி. "வாங்கிக் கொடுத்ததெல்லாம் தலை ஒரு பக்கம், கை ஒரு பக்கம் கிடக்குது. ஒண்ணாவது முழுசா இருக்கட்டும்."

"பத்திரமா வச்சுக்க அது என்ன பத்திரமா? பொம்மைதானே?"

"என் தம்பி கொடுத்தா மட்டும் உங்களுக்குக் கண்ணை உறுத்தும்."

"உன் தம்பி சும்மா கொடுக்கிறவனா? அவன் ரூம் சுவரெல்லாம் ஓதம். அங்க வச்சா பூஞ்சை பிடிக்கும். அதனால நம்ம வீட்டைக் கிடங்கா ஆக்கிட்டான். நல்ல விலை வரட்டும், வந்து தூக்கிட்டுப் போறானா இல்லையா பாரு. அதுவும் உள்ள இருக்கறது அசலா போலியான்னு யாருக்குத் தெரியும்?"

மேஜையின் அந்தக் கோடியில் மகள் படம் வரைந்துகொண்டிருந்தாள். படம் வரைகிற குழந்தைக்குக் காது கேட்காது என்று நினைக்கிற மண்டூகங்களில் நானும் ஒருவன்.

பெட்டி பீரோவின் மேல் ஏறியது. நான் சும்மா இருப்பேனா? கிடங்கில் செய்வதைப் போலவே, மூடியை ஒட்டியிருந்த டேப்பிலிருந்து அட்டைக்கு இறங்குகிற மாதிரி பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று இழுத்துவைத்தேன். டேப்பை யாராவது எடுத்து ஒட்டினால் கோடு கோட்டோடு சேராது. யாரிடமும் சொல்லவில்லை.

மாதங்கள் ஓடின. மகள் ஒரு தடவைகூட அந்தப் பொம்மையைக் கேட்கவில்லை. அவளுக்குப் பழைய துணி முயல் ஒன்று உண்டு. ஒரு காது தொங்கும், வயிற்றில் பஞ்சு தெரியும். அதற்குப் பெயர், பட்டப்பெயர், பிறந்தநாள், தீராத இருமல் எல்லாம் இருந்தன. அதைத் திட்டுவாள், குளிப்பாட்டுவாள், கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தூங்குவாள். பீரோ பக்கம் பார்க்கவே மாட்டாள். என்ன பக்குவமான பிள்ளை என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

போன வாரம் ஸ்கீம் வந்தான். டீ குடிக்கும்போதே போன் அடித்தது. முக்கியமான விஷயம் என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பீரோ இருக்கிற அறை. வெளியே வந்தவன் என் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

நான் ஸ்டூலைப் போட்டு ஏறினேன். என் பென்சில் கோடு சேரவில்லை. மேல் பாதி ஒரு நூல் அளவு தள்ளி நின்றது.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. உண்மையைச் சொன்னால், கூடவே ஒரு சந்தோஷமும் வந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் அல்லவா? அசலை எடுத்துக்கொண்டு போலியை வைத்துவிட்டான், அல்லது ஆரம்பத்திலேயே போலி, சர்டிபிகேட்டை மட்டும் உருவ வந்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச் சொன்னேன்.

வந்தான். பெட்டியை இறக்கிக் கூடத்து மேஜையில் வைத்தேன். கிடங்குக் கத்தியை எடுத்தேன்.

"அத்தான், பிரிக்காதீங்க!"

"ஏன் பதறுற? உள்ள செங்கல் இருக்கா?"

"என்ன பேசறீங்க நீங்க?" என்று மனைவி குறுக்கே வந்தாள்.

"உன் தம்பியக் கேளு. கதவைச் சாத்திக்கிட்டு இந்தப் பெட்டிய என்ன பண்ணான்னு கேளு." சரக்கென்று டேப்பைக் கிழித்தேன். பொம்மையை வெளியே இழுத்து, முடியை விலக்கி, பிடரியைப் பார்த்தேன். நம்பர் இருந்தது. சர்டிபிகேட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே நம்பர். தையலைப் பார்த்தேன், ஷூவின் பொத்தானைப் பார்த்தேன். என் அனுபவத்தில் இவ்வளவு அசலான பொருளை நான் பார்த்ததே இல்லை. என் முகத்தில் ஈயாடவில்லை.

"திருப்தியா?" என்றான்.

"அப்ப எதுக்குக் கதவைச் சாத்தின?"

அவன் நாற்காலியில் உட்கார்ந்து கால் விரல்களைப் பார்த்தான். "போட்டோ எடுத்தேன். ஒருத்தன் விலை கேட்டான். தர்றேன்னு சொல்லல அத்தான். எவ்வளவுக்குக் கேக்கறான்னு சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான்."

"டேய்!" என்றாள் அவன் அக்கா.

நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டிய நேரம். ஆனால் பிளாஸ்டிக் வழியாகப் போட்டோ எடுக்க டேப்பை எடுக்க வேண்டியதில்லையே. "பெட்டியப் பிரிச்சியே, அது எதுக்கு?"

"சத்தியமா நான் பிரிக்கல."

"நான்தான் பிரிச்சேன்."

அறை வாசலில் மகள் நின்றிருந்தாள். முயல் கக்கத்தில் இருந்தது.

"நீயா? எப்படி?"

"ஸ்டூல் போட்டு இறக்கினேன். அம்மாவோட முடி மெஷின் வச்சுப் பிரிச்சேன். நீங்க சொன்ன மாதிரி." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "கையில சாக்ஸ் போட்டுக்கிட்டேன். ரேகை விழல."

"எதுக்குப் பாப்பா?"

"உள்ள அசலா போலியான்னு தெரியாதுன்னு சொன்னீங்கல்ல? அதான் செக் பண்ணேன். நம்பர் சரியாத்தான் இருந்துச்சு. அப்படியே வச்சுட்டேன்."

என்னைத் தூக்கிவாரிப் போட்டது. நான் இப்போது மூச்சுவாங்கச் செய்த சோதனையை அவள் எப்போதோ செய்து முடித்திருக்கிறாள், என்னைவிடச் சுத்தமாக.

மனைவி அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "வெளிய எடுத்தேல்ல, கொஞ்ச நேரம் வச்சு விளையாடினியா கண்ணு? பரவால்ல, சொல்லு."

திருட்டுப் பட்டம் கட்டியதைப் போல மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. "இல்லவே இல்ல! விளையாடினா அழுக்காயிடும். அழுக்கானா மாமா திருப்பி எடுத்துக்க முடியாது. அப்புறம் நீங்க எல்லாரும் சண்டை போடுவீங்க."

தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டேன். "சரி, இவளுக்கு என்ன பேர் வச்சிருக்க?"

"திரும்பிப் போறதுக்கு எதுக்குப்பா பேரு?"

பக்குவமான பிள்ளை என்று நான் பெருமைப்பட்டேனே, அது இதுதான். ஆசைப்பட்டுவிடாமல் இருக்கத் தன்னைத்தானே காவல் காத்திருக்கிறாள். அவளுக்குக் கொடுத்த பொருளை, அவளுக்கில்லை என்றே முடிவுகட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது மச்சினன் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, என் மேலேயே ஆத்திரமாகவும் இருந்தது.

சட்டைப் பையைத் தடவினேன். ஞாயிற்றுக்கிழமையிலும் கிடங்கின் அழியாத மைப் பேனா அங்கேதான் இருந்தது. பொம்மையின் ஒரு ஷூவைக் கழற்றினேன். வெள்ளை வெளேரென்ற பாதம். அதன் நடுவில் அழுத்தி ஒரு பெருக்கல் குறி போட்டேன்.

"ஐயோ!" என்றான் ஸ்கீம், பாதி எழுந்து.

மனைவி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் உட்கார்ந்தான். மறுபடி எழுந்து வந்து, மற்ற ஷூவை அவனே கழற்றி என்னிடம் காலை நீட்டினான். "இதுலயும் போட்டுடுங்க அத்தான். ஒரு கால் சுத்தமா இருந்தா எனக்குச் சபலம் வந்துடும்."

போட்டேன். பொம்மையை மகளிடம் நீட்டினேன். "இந்தக் குறி என்னன்னு உனக்குத் தெரியும்ல? இனிமே இதை யாரும் திருப்பி எடுக்க மாட்டாங்க."

அவள் வாங்கவில்லை. முதலில் என்னைப் பார்த்தாள், பிறகு மாமாவை, பிறகு பேனாவை. வாங்கினவள் நேராக ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனாள். விரலை எச்சிலில் நனைத்துக் குறியைத் தேய்த்தாள். விரலைப் பார்த்தாள். இன்னும் அழுத்தித் தேய்த்தாள். நான் வேலை பார்க்கும்போது என் முகமும் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. பார்க்க நன்றாக இல்லை.

"நிஜமா அழியாதா?"

"அழியாது."

அடுத்த காலையும் தேய்த்துப் பார்த்தாள். அதுவும் அழியவில்லை. முயலை ஜன்னல் கட்டையில் உட்காரவைத்துவிட்டு, பொம்மையின் செம்பட்டை முடிக்குள் மெதுவாக விரலை விட்டாள். விட்டவள் அப்படியே நின்றாள்.

"அப்பா, முடி எவ்வளவு மெத்துன்னு இருக்கு!" என்றாள். "சாக்ஸ் போட்டுத் தொட்டப்போ தெரியவே இல்ல."