சுடுதண்ணீர்க் குழாயில் சர்வதேச வணிகம்

சிவமலரின் குரல் வகுப்பறையில் மூன்றாம் வரிசையைத் தாண்டாது. லண்டனின் நோர்பரிப் பகுதி வீடுகளில் குழாயைத் திறந்தால் தெளிவாகக் கேட்கும். சுடுதண்ணீர்க் குழாயில் தமிழில் வரும், பச்சைத்தண்ணீர்க் குழாயில் ஆங்கிலத்தில் வரும். 1984இல், தேம்ஸுக்குத் தெற்கே ஒரு கல்லூரியில் அவள் சர்வதேச வணிகமும் பொருளியலும் கற்பிக்கத் தொடங்கிய வாரத்திலிருந்தே அப்படித்தான். குழாய் திருத்துபவர் வந்து கழற்றிப் பார்த்து, குழாயில் பிழையில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். நோர்பரிப் பெண்கள் கழுவிய சட்டியை மறுபடி கழுவப் பழகினார்கள். பெற்றோல் ஷெட்டில் இரவு ஷிப்ட் முடித்த கணவன்மார் தூங்கும் பகல்களில், இறக்குமதித் தீர்வை, நாணயமாற்று, ஒரு நாட்டில் உழைத்த லாபத்தைப் பெரிய கம்பனிகள் இன்னொரு நாட்டில் காட்டும் வித்தை எல்லாவற்றையும் படித்துமுடித்தார்கள். ஒருநாள் பாலேந்திரா எழும்பி வந்து, ஒரு சட்டி கழுவ இவ்வளவு நேரமோ என்று கேட்டான். அவன் மனைவி தவநாயகி திரும்பாமலே சொன்னாள்:

"சத்தம் போடாதையுங்கோப்பா. பவுணின்ரை மதிப்பு விழப்போகுது."

கல்லூரிக்கு இதொன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளும் விருப்பமும் இல்லை. சிவமலர் பேராசிரியர் பதவிக்கு மூன்று முறை விண்ணப்பித்தாள். மூன்று முறையும், குரல் பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று துறைத் தலைவர் எழுதினார். பின்வரிசையில் இருந்து பத்திரிகை வாசித்தவர் தாம்தான் என்பதை எழுதவில்லை. மூன்றாம் முறை பதவி அவளிடமே படித்த ஒருவனுக்குப் போனது. அவனுடைய குரல் நன்றாகக் கேட்டது. சொல்லத்தான் அவனிடம் ஒன்றும் இருக்கவில்லை.

1993இல் நோர்பரி மரக்கறிக் கடையொன்றில் தவநாயகி அவளை மறித்தாள். முகம் தெரியாது, கறிவேப்பிலை கேட்ட குரல் தெரிந்தது.

"நீங்கள்தானே குழாய்க்குள்ளை படிப்பிக்கிறது? போன வியாழன் அவசரப்பட்டு முடிச்சுப்போட்டியள்."

தன் குரல் எங்கே போகிறதென்று சிவமலருக்கு அன்றுதான் தெரிந்தது. இனிப் பேராசிரியர் பதவிக்குக் கேட்கப்போவதில்லை என்று அவள் சொல்ல, தவநாயகி ஏனென்று கேட்டாள்.

"என்ரை குரல் கேக்குதில்லையாம்."

"ஆருக்கு?"

சிவமலர் நான்காம் முறையும் விண்ணப்பித்தாள். தேர்வுக் குழுவின் முன் மாதிரி விரிவுரை நடத்தச் சொன்னார்கள். துறைத் தலைவர் வழக்கம்போல் காதில் கையை வைத்தார். அவள் குரலை உயர்த்தவில்லை. கேட்காதவர்கள் கைகழுவும் அறைக்குப் போய்க் குழாயைத் திறக்கலாம் என்றாள். வெளியிலிருந்து வந்த உறுப்பினர் ஒருவர் மரியாதைக்காகப் போனார், திரும்பவில்லை. அவரைத் தேடிப் போனவரும் திரும்பவில்லை. கடைசியில் துறைத் தலைவர் மட்டும் எதிரில் மிஞ்ச, அவருக்கும் சேர்த்தே அவள் விரிவுரையை முடித்தாள். மற்றவர்கள் சட்டைக் கை நனைய, ஆண்கள் கழிப்பறையில் நின்றபடியே அவளைப் பேராசிரியராக்கியிருந்தார்கள். துறைத் தலைவரின் வாக்கு தேவைப்படவில்லை.

முதல் பேருரைக்காகப் பெரிய மண்டபத்தில் வரிசைக்கு இரண்டு குழாய்கள் பொருத்தப்பட்டன. லண்டனின் மறுகோடியில் இருக்கும் ரெய்னர்ஸ் லேனிலிருந்தும் பெண்கள் கூறைச்சேலையில் வந்தார்கள். பாலேந்திரா ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்தான். துணைவேந்தர் பச்சைத்தண்ணீர்க் குழாயருகே குனிந்து நின்றார். தவநாயகி மூன்றாம் வரிசையில் இருந்து, சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, சுடுதண்ணீரைத் திறந்தாள். ஆவியோடு குரல் வந்தது.

அந்தக் கல்லூரியில் பொருளியல் படிக்கிறவர்கள் இப்போது பேனையோடு கை துடைக்க ஒரு துவாயும் கொண்டுபோகிறார்கள்.