படகில் ஏறிய தங்கச்சி

துளசிராமின் மண்டைக்குள் எப்போதும் ஏதாவது ஒன்று குடைந்துகொண்டே இருக்கும். அந்த வருஷம் குடைந்தது ஒரு விளையாட்டு. அமெரிக்காவுக்குப் போன சித்தப்பா மகன் லீவில் வந்தபோது சொன்னான்: அங்கே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேஷம் எடுத்து, வாயாலேயே ஒரு கதையை நடத்திக்கொண்டு போவார்களாம். அடுத்து என்ன என்பதைப் பகடை சொல்லுமாம். "பகடைக்கு என்ன தெரியும்? மனசு சொல்லணும்" என்று துளசிராம் பகடையைத் தள்ளிவிட்டு, அப்பாவின் சாயப்பட்டறையிலிருந்து நூல் துண்டுகளை அள்ளி வந்தான். மஞ்சள் சந்தோஷம், நீலம் துக்கம், சிவப்பு கோபம், கறுப்பு பயம். வேஷக்காரர் மனசில் எது வருகிறதோ அந்த நூலைத் தட்டில் போட வேண்டும்; கதை அந்தப் பக்கம் போகும். ஆட்டம் ஒழுங்காக ஓடுகிறதா என்று ஆடிப் பார்க்க ஆள் வேண்டுமே!

ஆள் பிடித்தவள் அவன் மனைவி ரங்கநாயகி. தன்னோடு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுக்கும் அன்னக்கொடியை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரச்சொன்னாள். "ஒன் மச்சானையும் கூட்டிட்டு வா. பரிசத்துக்கு முன்னாடி ரெண்டு வார்த்தை பேசுன மாதிரி இருக்கும்" என்று கண்ணடித்தாள்.

அந்த ரெண்டு வார்த்தைக்குத்தான் அன்னக்கொடி ஏங்கிக்கொண்டிருந்தாள். முத்துக்கருப்பன் அவளுடைய அத்தை மகன். திருமங்கலத்தில் பம்புசெட் ரிப்பேர் கடை வைத்திருந்தான். அவள் தொட்டிலில் கிடந்தபோதே இவளுக்கு அவன் என்று பெரியவர்கள் பேசி முடித்தாயிற்று. வருகிற வெள்ளிக்கிழமை பரிசம் போட்டு நிச்சயம் செய்கிறார்கள். அவனோ இவளைக் கண்டால் தரையைப் பார்ப்பான். கேட்டதற்குப் பதில், அதோடு சரி. கூச்சமா, பிடிக்கவில்லையா? அது தெரியாமல் கழுத்தை நீட்ட அவளுக்குப் பயமாக இருந்தது.

வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் துளசிராம் வீட்டு மாடி அறை. ஜன்னலைச் சாத்தியதும் வெயில் போய் மங்கல் வந்தது. துளசிராம் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தான். வைகை கரை தாண்டிவிட்டது. மதுரை முழுக்கத் தண்ணீர், ஆனால் யாருக்கும் பதற்றமில்லை. மாசி வீதி நகைக்கடைக்குள் மீன்கள் சாவகாசமாகப் போய் வருகின்றன. கோபுரத்துப் பொம்மைகள் தண்ணீரில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கின்றன. துடுப்பில்லாத ஒரு படகு வருகிறது. ஏறுகிறவர்களின் மனசு அசைந்தால் அதுவும் அசையும்.

படகில் யாருக்கு யார் என்ன முறை? டம்ளரில் சீட்டுக் குலுக்கினார்கள். முத்துக்கருப்பனுக்கு அண்ணன் வந்தது, அன்னக்கொடிக்குத் தங்கச்சி.

"அய்யய்யோ, சீட்டை மாத்துங்கண்ணே" என்று துளசிராமிடம் பதறினாள் அன்னக்கொடி. "கட்டிக்கிற முறைக்காரரப் போய் அப்படிக் கூப்புடலாமா? எங்க வீட்டுல தெரிஞ்சா தோலை உரிச்சிருவாக."

"எங்க ஆளுகள்லயும் ஆகாதுங்க. கூப்புட்டா கூப்புட்டதுதான்" என்று ரங்கநாயகியும் கணவனை முறைத்தாள். அவன் கேட்டால்தானே? சீட்டை மாற்றினால் அப்புறம் சோதனை எதற்கு என்று ஒற்றைக் காலில் நின்றான்.

முத்துக்கருப்பன் சிரித்தான். "விடுங்க, வெளாட்டுக்குத்தான? ஆடுவோம்" என்றவன் அன்னக்கொடி பக்கம் கையை நீட்டினான். "பாத்து ஏறு தங்கச்சி, வழுக்கும்."

அன்னக்கொடிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்படி ஒரு குரல் அவனுக்கு உண்டு என்றே அவளுக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்துப் பேசினான். தட்டில் மஞ்சளாகவே எடுத்துப் போட்டான். படகு நழுவி நழுவிப் போனது. "கீழ பாரு தங்கச்சி, பஸ் ஸ்டாண்டு! எம்புட்டு பஸ்சு, எல்லாம் தண்ணிக்குள்ள லைட்டப் போட்டுக்கிட்டு நிக்குது" என்றான். சோழவந்தான் கொடிக்கால்களுக்கு மேலே மிதந்தபோது, குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டு ஒரு வெற்றிலை கிள்ளிக் கொடுத்தான். வெறுங்கைதான். அதை அவள் வாங்கி மடித்து மென்றாள். காரம் நிஜமாகவே நாக்கில் ஏறியது. ஆட்டம் ஓடுகிற சந்தோஷத்தில் துளசிராமுக்குத் தலைகால் புரியவில்லை. அன்னக்கொடியும் சந்தோஷமாகத்தான் இருந்தாள், அதை ஏன் மறைக்க வேண்டும்? அவன் அவளோடு இவ்வளவு பேசியது இதுதான் முதல் தடவை.

படகு ஒரு வீட்டு வாசலில் முட்டி நின்றது. "உள்ள மேளச் சத்தம். தங்கச்சிக்குக் கல்யாணம்" என்றான் துளசிராம். "அவளை எறக்கிவிட்டுட்டு அண்ணன் தனியாத் திரும்பணும். அண்ணன் மனசுல என்ன இருக்கு?"

முத்துக்கருப்பன் நீல நூலை எடுத்தான். போடாமல் விரலில் சுற்றிக்கொண்டே இருந்தான். "இவளுக்கு வர்றவன் இவளை ஆசைப்பட்டுக் கட்டணும்" என்றான். "கடமைக்குக் கட்டக்கூடாது. இவ நல்லா இருக்கணும்." சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

வேஷத்துக்காக யாரும் இப்படி அழ மாட்டார்கள். அன்னக்கொடிக்கு எல்லாம் விளங்கிப்போனது. அவள்மேல் அவனுக்குப் பாசம் கொள்ளை கொள்ளையாக இருக்கிறது, ஆனால் பெண்டாட்டியாக அவளை நினைக்க முடியவில்லை. அதைத் தாய்மாமனிடம் சொல்ல அவனுக்குத் தைரியமும் இல்லை, பாவம். அவளுக்கு நெஞ்சு வலித்தது. அவனை நினைத்தே வளர்ந்தவள் அவள்.

"தங்கச்சி மனசுல?" என்றான் துளசிராம்.

அவள் நாலு நிறத்தையும் சேர்த்து ஒரு பிடி அள்ளித் தட்டில் போட்டாள். இதற்கு விதியில் இடமில்லை என்று துளசிராம் வாயைத் திறப்பதற்குள், ரங்கநாயகி அவன் கையை அழுத்தினாள். பிறகு அவளே எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டாள். தண்ணீர் வடிந்து, வெயிலும் சைக்கிள் மணியும் உள்ளே வந்தன.

முத்துக்கருப்பன் பழையபடி தரையைப் பார்த்தான். "பஸ்சுக்கு நேரமாச்சு. நான் வாரேன்" என்றான்.

"போயிட்டு வாங்கண்ணே" என்றாள் அன்னக்கொடி.

ஆட்டம் முடிந்துவிட்டது என்பது நாலு பேருக்கும் தெரியும்.

"வெள்ளிக்கிழமை பரிசம் வேணாம்னு அப்பாகிட்ட நானே சொல்லிக்கிறேன். எனக்குத்தான் இஷ்டமில்லைன்னு சொல்றேன். நீங்க வாயத் தொறக்க வேணாம்."

முத்துக்கருப்பன் மெல்லத் தலையைத் தூக்கினான். கண் கலங்கியிருந்தது, ஆனால் அவள் முகத்தை நேராகப் பார்த்தான்.

"தனியாப் போயி அம்புட்டு ஏச்சையும் நீ வாங்கணுமாக்கும்? நானும் வாரேன், வா" என்றான்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். அழுவதை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளலாம்.