யானை வளைவு

காலை ஏழு இருபதுக்கு ஒரு நீலக் கார் வேலியை உடைத்துக்கொண்டு புஷ்பராணியின் லீக்ஸ் பாத்திக்குள் வந்து நின்றது.

அவள் சன்னலுக்குப் போகவில்லை. கேத்திலை அடுப்பில் வைத்தாள்.

"ஆரும் தெரிஞ்ச ஆக்களோ?"

அவள் கணவர் சோதிலிங்கம் காலுக்குச் சப்பாத்தைத் தேடிக்கொண்டே வெளியே எட்டிப் பார்த்தார். "இல்லை. புது ஆள்."

"அப்ப தேத்தண்ணியைச் சும்மா குடுங்கோ. ரோல்ஸுக்குக் காசு வாங்குங்கோ."

அந்த வீட்டுக்கு வாடிக்கையாளர்கள் வந்த வழி இதுதான். யாருக்கும் அடிபட்டதில்லை. முதல் குளிர்காலத்திலேயே சோதிலிங்கம் வேலிக்குப் பின்னால் வைக்கோல் கட்டுகளை அடுக்கிவிட்டார். கார்கள் மெத்தையில் விழுவதுபோல விழுந்தன. இறங்கியவர்கள் நடுங்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள், தேநீர் குடித்தார்கள், இழுவை வண்டி வருவதற்குள் இரண்டு ரோல்ஸ் தின்றார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவி பிள்ளைகளோடு சாப்பிட வந்தார்கள். ஒரு பல் வைத்தியர் அப்படி வந்தவர். தாதிமார் இருவர் ஒரே காரில் வந்தார்கள். எர்லாங்கனில் வேலை செய்யும் சீனிவாசன், மதுரைக்காரர், தலைகீழாக வந்தார்.

தவறு வீட்டுடையதல்ல, சாலையுடையது. மேற்கே மாயின் ஆற்றங்கரைத் திராட்சைத் தோட்டங்களில் தொடங்கி, கெண்டை வளர்க்கும் குளங்களுக்கு நடுவே புகுந்து, கிழக்கே செர்ரி மரக் குன்றுகள் வரை போகும் ஜெர்மன் மாநிலச் சாலை அது. நான்கிலக்க எண் ஒன்று உண்டு. யாரும் அதைச் சொல்வதில்லை. காலையில் கிழக்கே வேலைக்குப் போகிறவர்களுக்கும் சூரியன் கண்ணில், மாலையில் மேற்கே திரும்புகிறவர்களுக்கும் சூரியன் கண்ணில். குளிர்காலத்தில் சூரியனே இல்லை. ஹாஸ்லன்ரீட் கிராமத்துக்கு வரும்வரை அது கயிறு பிடித்ததுபோல நேராக வரும். நேராக வந்து, பழைய சத்திரத்தின் மேற்குச் சுவரைப் பார்த்து ஓடி, கடைசி நிமிடத்தில் மனம் மாறி, சத்திரத்தைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் நேராகப் போகும். அந்தச் சத்திரத்தைத்தான் புஷ்பராணியும் சோதிலிங்கமும் வாங்கிச் சாப்பாட்டுக்கடை ஆக்கியிருந்தார்கள். மலிவாகக் கிடைத்தது. ஏன் மலிவு என்று முதல் பனியில் தெரிந்துகொண்டார்கள்.

வசந்தத்தில் தீயணைப்பு நிலைய மண்டபத்தில் ஊர்க்கூட்டம் நடந்தது. சாலை அலுவலகத்திலிருந்து ஸைட்லர் வந்திருந்தார். உயரமானவர், ஓய்வுபெறப் போகிறவர். ஒன்பது வருடமாக அந்த ஒரு வளைவையே வரைந்துகொண்டிருப்பவர். திரையில் சிவப்புப் புள்ளிகளைக் காட்டினார். ஒவ்வொரு புள்ளியும் ஒரு விபத்து என்றார். புஷ்பராணி புள்ளிகளைப் பார்த்தாள். பல் வைத்தியர், தாதிமார், சீனிவாசன் எல்லோரும் அங்கே இருந்தார்கள்.

அடுத்த படத்தில் சாலை வளையவில்லை. சத்திரத்துக்குப் பின்னால், பீட்ரூட் வயலின் நடுவே, நேராகப் போனது. சத்திரம் தனியே நின்றது. அதன் வாசலில் ஒரு கார் கூட வரையப்படவில்லை.

"இன்னொரு குளிர்காலமும் இப்படியே போனால் வேலை தொடங்கும்," என்றார் ஸைட்லர்.

"விபத்தே நடக்காவிட்டால்?" என்று மேயர் கேட்டார்.

"பணம் வேறு ஒரு வளைவுக்குப் போய்விடும்." ஸைட்லர் சிரித்தார். "நடக்கும்."

இருவரும் வீட்டுக்கு நடந்து வந்தார்கள். புஷ்பராணி பேச்சைத் தொடங்கினாள்.

"எங்களுக்குச் சோறு போடுறதும் உந்த வளைவு. எங்களை முடிக்கப்போறதும் உந்த வளைவு."

"வித்துப்போட்டுப் போவமோ?"

"ஆரப்பா வாங்குவினம்? இனி வேலிக்குள்ளை ஒருத்தரும் விழக்கூடாது. அவ்வளவுதான்."

வழி சொன்னவர் சீனிவாசன். அடுத்த சனிக்கிழமை மத்தியானம் கெண்டைப் பொரியலை முடித்து, கை கழுவி வந்து, வாசலில் நின்று மேற்கே பார்த்தார்.

"அக்கா, இது ப்யூர் தெருக்குத்து. எங்க ஊர்ல இப்படி ஒரு வீட்டைச் சும்மா குடுத்தாலும் வாங்க மாட்டாங்க. ரோடு டைரக்டா வந்து உங்க நெத்தில குத்துது."

"தம்பி அதுக்குள்ளாலைதானே தலைகீழா வந்தனீங்கள்."

"அதான் சொல்றேன். பிராக்டிகல் எக்ஸ்பீரியன்ஸ். ஒரு பிள்ளையார வெச்சிருங்க. அந்தக் குத்தை அவர் வாங்கிக்குவார்."

மேற்குச் சுவரில் ஒரு வெறும் மாடம் இருந்தது. அதிலிருந்த மரப் புனிதர் சிலையை யாரோ பழுதுபார்க்கக் கொண்டுபோனார்கள்; புனிதர் திரும்பவே இல்லை. புஷ்பராணி அந்த மாடத்தைச் சாண் வைத்து அளந்தாள்.

சோதிலிங்கத்துக்கு ஒரு சங்கடம் இருந்தது. "மீன் பொரிக்கிற வீட்டு வாசலிலையோ பிள்ளையாரை வைக்கிறது?"

"அவர் மேற்கை பாத்துக்கொண்டு இருக்கப்போறார். மீன் பொரிக்கிற குசினி கிழக்கை. நீங்கள் சொல்லாட்டித் தெரியாது."

இலையுதிர்காலத்தில் நொய்கெல்னில் கடை வைத்திருக்கும் அவளுடைய தம்பி நவரத்தினம் வான் வண்டியில் பிள்ளையாரைக் கொண்டுவந்தான். சீமெந்துப் பிள்ளையார், பெரிய வயிறு. கூடவே, கேட்காமலே, தலைக்குப் பின்னால் பூட்டுகிற வண்ண விளக்குச் சக்கரம் ஒன்று. சிவப்பு, பச்சை, மஞ்சள் மாறி மாறிச் சுழலும்.

"உது கோயிலுக்கெல்லோ வைக்கிறது," என்றார் சோதிலிங்கம்.

"அத்தான், றோட்டிலை வாறவனுக்குத் தெரிய வேண்டாமே?" என்றான் நவரத்தினம்.

தெரிந்தது. இருட்டில், பனிமூட்டத்தில், ஒரு கிலோமீற்றருக்கு அப்பாலிருந்தே தெரிந்தது. வேலைக்கு விரைந்துகொண்டிருந்த ஆட்களுக்கு முன்னால், சாலையின் நேர் நடுவில், சுழலும் ஒளியோடு ஒரு யானை உட்கார்ந்திருந்தது. எந்த வேகக் கட்டுப்பாட்டுப் பலகையும் செய்யாததை அது செய்தது. ஒருவர் விடாமல் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார்கள். சிலர் நிறுத்திப் படம் எடுத்தார்கள். படம் எடுத்தவர்களுக்குக் குளிர்ந்தது, தேநீருக்கு உள்ளே வந்தார்கள். டிசம்பர் முழுவதும் வேலி வேலியாகவே நின்றது. ஊரார் அந்த இடத்தை யானை வளைவு என்று சொல்லத் தொடங்கினார்கள்.

ஜனவரியில் ஸைட்லர் வந்தார்.

அவர் அறியாமலே யானையைக் கண்டு காலை எடுத்து, மெதுவாக வளைந்து, வாசலில் நிறுத்தினார். அது அவருக்குப் பிடிக்கவில்லை. உள்ளே வந்து, மேற்குச் சன்னலோரம் உட்கார்ந்து, சாலையைப் பார்த்தபடி ஒரு கெண்டைப் பொரியல் கேட்டார். மிளகாய் போட்டதா போடாததா என்று புஷ்பராணி கேட்டாள். அவளுடைய ஜெர்மன் மெதுவானது, பிழையற்றது.

"போட்டது," என்றார். அன்று யாரும் சறுக்கவில்லை.

மறுநாள் காலையும் வந்தார். அதற்கு மறுநாளும். அலுவலகம் திறக்குமுன் வந்து, ஒரு தேநீரோடு சாலையைப் பார்த்திருப்பார். தூரத்தில் ஒரு வெளிச்சம் வேகமாக வந்தால் கரண்டியைக் கீழே வைப்பார். அது மெதுவானதும் மறுபடி எடுப்பார்.

"மனுசன் பாவம்," என்றார் சோதிலிங்கம். "பஸ்ஸுக்கு நிக்கிற ஆள் மாதிரி நிக்குது."

ஒரு நாள் ஸைட்லர் தானாகவே கதை சொன்னார். இந்தச் சாலையை மன்னர் காலத்தில் அளந்த ஆள், மேற்கேயிருந்து கருவியை வைத்துக் குறி பார்த்துக்கொண்டு வந்தானாம். இந்த இடத்தில் பனிமூட்டம். ஒன்றும் தெரியவில்லை, சத்திரத்தின் புகைபோக்கியைத் தவிர. மத்தியான நேரம், மீன் வாசனை. அவன் புகைபோக்கியையே குறி வைத்துவிட்டான். சாப்பிட்டு முடித்த பிறகுதான் சாலை சுவரில் முட்டுவதைக் கண்டான். அதற்குள் குறிக்கட்டைகள் அடித்தாயிற்று.

"இருநூறு வருடமாக ஒரு மனிதனின் பசி திருத்தப்படாமல் கிடக்கிறது," என்றார். "நான் திருத்தாமல் போகப் போவதில்லை."

"அளந்தவருக்கு மீன் பிடித்ததாமா?" என்று புஷ்பராணி கேட்டாள்.

ஸைட்லர் தட்டைப் பார்த்தார். முள் மட்டும் இருந்தது.

அடுத்த வாரம் அலுவலகக் கடிதம் வந்தது. மாநிலச் சாலையோரம் ஓட்டுநர்களின் கவனத்தைக் கலைக்கும், அசையும் வண்ண விளக்குகளுக்கு அனுமதியில்லை. பெப்ரவரி முதலாம் திகதியிலிருந்து அணைக்கப்பட வேண்டும். கீழே ஸைட்லரின் கையெழுத்து. சிலையைப் பற்றி ஒன்றுமில்லை. இருட்டில் சிலை இருந்தென்ன, இல்லாமல் என்ன.

"ஆப்பு வைச்சிட்டான்," என்றார் சோதிலிங்கம். "மேயரைப் பிடிச்சு ஒரு தவணை கேப்பம்."

"வேண்டாம். அரசாங்கம் சொன்னாச் செய்ய வேணும்."

அவள் அப்படிப் பேசி அவர் முன்பு கேட்டதில்லை. முகத்தை நன்றாகப் பார்த்தார்.

ஜனவரி கடைசி நாள் மழை தூறி, இரவில் உறைந்தது. விடியுமுன் புஷ்பராணி குசினிச் சுவரிலிருந்த விளக்கு ஆளியில் கை வைத்தாள்.

"இஞ்சேரும்," என்றார் சோதிலிங்கம். "அந்த மனுசன் வாற நேரம். அவர் போனாப்பிறகு அணைக்கலாமே?"

"முதலாம் திகதியிலிருந்து எண்டு போட்டிருக்கு. ஸைட்லர் சாப்பிட்டாப்பிறகு எண்டு போடேல்லை."

"கண்ணாடி மாதிரி ஐஸ் பிடிச்சுக் கிடக்கு, புஷ்பம்."

"அதுதான். வைக்கோலை ஒருக்கா சரியா அடுக்கிவிடுங்கோ. ரண்டு கட்டுக் கூடப் போடுங்கோ, அவர் உயரமான ஆள்."

ஆளி தட்டப்பட்டது. பிள்ளையார் இருளுக்குள் போனார்.

அவள் கேத்திலை அடுப்பில் வைத்துக் காத்திருந்தாள். தண்ணீர் கொதிக்கும்போது அந்தச் சத்தம் கேட்டது. வேலி முறிவதும், பிறகு மெத்தையில் விழுவதுபோல ஒன்றும்.

"ஆரும் தெரிஞ்ச ஆக்களோ?"

சோதிலிங்கம் சன்னலில் நின்றார். "ஓம்," என்றார். "தெரிஞ்ச ஆள்தான்."

ஸைட்லர் தலையில் வைக்கோலோடு உள்ளே வந்தார். சப்பாத்தில் லீக்ஸ் இலை ஒன்று ஒட்டியிருந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து வந்து போயிற்று. இந்தக் குளிர்காலத்தின் முதல் விபத்து. பணம் இந்த வளைவுக்கே வர ஒன்று போதும்.

"யானை வரும், வந்ததும் காலை எடுக்கலாம் என்று வந்தேன்," என்றார். "வரவேயில்லை."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. வெளிச்சம் போய்விட்டது.

புஷ்பராணி தேநீரை அவர் முன்னால் வைத்தாள். சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த கடிதத்தை எடுத்து, கையெழுத்து மேலே தெரியும்படி, கோப்பைக்குப் பக்கத்தில் விரித்தாள். அவர் பையைத் திறந்து விபத்துப் படிவத்தை எடுத்தார், பேனாவை எடுத்தார், தேதியை எழுதினார். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"காரணம் என்று என்ன எழுதப் போகிறீர்கள், ஸைட்லர் ஐயா? யானையின் விளக்கு எரிந்ததால் என்றா, அணைந்ததால் என்றா?"